இந்த வெள்ளி இறக்கையைச் செய்தது யார்?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நகரியில் பழைய வீட்டைப் பிரித்தபோது, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த உங்கள் பெரிய தாத்தாவின் தகரப் பெட்டியில் வெள்ளியில் செய்த ஒரு விமானி பேட்ஜ் கிடைத்திருக்கிறது. விரித்த இரண்டு இறக்கை, நடுவில் இலை வளையம், வளையத்துக்குள் ஆர்.ஐ.ஏ.எஃப். (ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்) என்ற ஆங்கில எழுத்துகள், தலைக்கு மேல் கிரீடம். முதுகில் 'சில்வர்' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. பக்கத்தில் 18 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் ஒன்றைக் கீறியிருக்கிறார்கள். கம்பெனி பெயர் எங்கும் இல்லை. சித்தப்பா அந்த எண்ணை வருஷம் என்கிறார். சென்னையில் நீங்கள் காட்டிய வியாபாரி 'லண்டன் காண்ட் கம்பெனி சரக்கு' என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார். செய்தது யார் என்பது உங்கள் கேள்வி.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இது காண்ட் இல்லை. இங்கிலாந்தின் எந்தத் தொழிற்சாலையிலும் அச்சில் அடித்ததும் இல்லை. 1945-க்கும் 1950-க்கும் இடையில் இந்தியாவில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கையால் அறுத்துச் செய்த ஒற்றை உருப்படி. எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த வியாபாரி எந்தப் பெயரைச் சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் காலம். வருஷம் பற்றிய சித்தப்பாவின் கணக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம்: ரைட் சகோதரர்கள் பறந்ததே 1903 டிசம்பரில். பிரிட்டிஷ் விமானிகளின் இறக்கைச் சின்னத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஒப்புதல் கொடுத்தது 1913-இல். இந்திய விமானப்படை தொடங்கியது 1932 அக்டோபர் 8. 'ராயல்' என்ற அடைமொழி அதற்குக் கிடைத்தது 1945 மார்ச்சில், பர்மா போர் முடியப்போகிற நேரத்தில். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானதும் அடைமொழியும் போயிற்று, கிரீடமும் போயிற்று. ஆக, நான்கு எழுத்தும் கிரீடமும் சேர்ந்த பேட்ஜ் புழக்கத்தில் இருந்தது ஐந்து வருஷத்துக்கும் குறைவு. அபூர்வம் என்று வியாபாரி சொன்னது அந்த வகையில் பொய்யில்லை.

கிரீடத்தையும் கவனியுங்கள். உங்கள் பேட்ஜில் வளைவுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் மேலே எழும்பி உச்சியில் சேர்கின்றன. மன்னர் காலத்துக் கிரீடம் அப்படித்தான் இருக்கும். 1952-இல் எலிசபெத் ராணி வந்த பிறகு பிரிட்டிஷ் சின்னங்களில் ஏறிய கிரீடத்தில் வளைவு நடுவில் குழிந்து இறங்கும். அதற்குள் நாம் குடியரசாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டதே! அதனால் இந்த நான்கு எழுத்தோடு குழிந்த கிரீடம் இருந்தால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம், போலி. பிரிட்டிஷ் பேட்ஜைப் பார்த்து நகல் செய்கிறவர்கள் சறுக்குகிற இடம் இது. உங்களுடையது இந்தச் சோதனையில் தேறிவிட்டது.

இனி செய்தவருக்கு வருவோம். பேட்ஜ் சேர்க்கிற முக்கால்வாசிப் பேர் பொருளைத் திருப்பி முதுகில் பெயரைத் தேடுவார்கள், பெயர் இருந்தால் நம்புவார்கள், இல்லாவிட்டால் கைவிடுவார்கள். இரண்டுமே சரியில்லை. பெயர் கடைக்காரருடையதாக இருக்கலாம். நியூயார்க்கில் ராணுவ உடுப்பு விற்ற கடைகள் வேறொருவர் அடித்துக் கொடுத்த இறக்கையில் தங்கள் பெயரைப் போட்டு விற்றிருக்கின்றன. சில சமயம் அந்தப் பெயர் பூட்டைச் செய்தவருடையதாக இருக்கும். அமெரிக்க பேட்ஜுகளின் பின்னால் குத்திப் பூட்டுகிற பித்தளைக் குமிழில் 'பேலூ' என்று இருக்கும். அது ரோட் தீவில் குமிழும் ஊசியும் மட்டும் செய்து பல கம்பெனிகளுக்குக் கொடுத்தவரின் பெயர். பேட்ஜுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. காண்ட் பெயரோ இன்னும் மோசம். 'ஜே.ஆர். காண்ட், லண்டன்' என்று முத்திரை போட்ட போலித் தொப்பி பேட்ஜுகள் உலகம் முழுக்க ஏராளமாகச் சுற்றுகின்றன. வியாபாரிக்கு அந்தப் பெயர் நாக்கு நுனியில் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அதனால் நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன், முதலில் பார்ப்பது உலோகத்தை எப்படி உருவாக்கினார்கள் என்பதை. அதற்கு மூன்று வழி உண்டு: அச்சில் அடிப்பது, வார்ப்பது, தகட்டை அறுத்துச் செதுக்குவது. ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

பர்மிங்காம் தொழிற்சாலையில் நடப்பது இது. செதுக்குபவர் எஃகு அச்சில் இறக்கையைக் குழிவாக வெட்டுவார். தகட்டை அதன்மேல் வைத்து பிரஸ்ஸில் அடிப்பார்கள். சுற்றியுள்ள உபரித் தகட்டை இன்னொரு வெட்டு அச்சால் ஒரே அழுத்தில் நறுக்குவார்கள். ஆயிரக்கணக்கில் அடித்த பிறகு எஃகு அச்சில் மயிரிழை வெடிப்பு விழும், மூலை சில்லு போகும். அச்சில் விழுந்த பள்ளம் பேட்ஜில் மேடாகத்தான் வரும். லென்ஸில் பார்க்கும்போது தெரிகிற கோடு மேடாக இருந்தால் அது அச்சின் குறை, பள்ளமாக இருந்தால் பிற்பாடு யாரோ கீறியது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே இடத்தில் ஒரே மேட்டுக்கோடு இரண்டு பேட்ஜில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. ஒன்றில் கம்பெனி பெயர் இருந்து மற்றதில் இல்லாவிட்டாலும், பெயர் இல்லாததைச் செய்தவர் பெரும்பாலும் பிடிபட்டுவிடுவார். லுஃப்ட்வாஃபே என்ற ஜெர்மன் விமானப்படையின் விமானி பேட்ஜுகளில் பெயர் இல்லாதவற்றை, இது பெர்லின் ஊர் யுங்கர் கம்பெனி, இது லூடன்ஷைட் ஊர் அஸ்மான் கம்பெனி என்று பிரித்துச் சொல்கிறார்கள் அல்லவா? வளையத்து இலையிலும் கழுகின் இறகிலும் உள்ள இப்படிப்பட்ட அச்சு அடையாளங்கள்தான் அதற்கு முக்கிய ஆதாரம்.

வார்த்த பேட்ஜ் பெரும்பாலும் நகல். அசலை அழுத்தி எடுத்த அச்சில் வெள்ளியை ஊற்றினால் அசலின் மேடும் வரும், கீறலும் வரும். ஓரங்கள் மழுங்கும், சின்னச் சின்ன ஊசித் துளை தெரியும். உருகிய வெள்ளி ஆறும்போது சுருங்குவதால் அளவும் அசலைவிடக் கொஞ்சம் குறையும். சேகரிப்பவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளவு கேட்டு நச்சரிப்பது இதற்காகத்தான்.

உங்கள் பேட்ஜில் இந்த இரண்டு தடமும் இல்லை. இரண்டாவது படத்தில் இடது இறக்கையின் கீழ் வரிசையில் 11 இறகு, வலது பக்கம் 12. இடது பக்கத்தில் கடைசி இறகுக்கு இடம் போதாமல் அகலத்தைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார். அச்சு வெட்டுகிறவரும் மனிதர்தானே, அவருக்கும் எண்ணிக்கை பிசகலாமே என்று கேட்பீர்கள். பிசகலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு இறகின் நடுக்கோடும் உளி இறங்கிய இடத்தில் ஆழமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, முனையில் ஒரு சிறு துடிப்போடு நிற்கிறது. வெட்டின இரண்டு கரையும் பளிச்சென்று கூர்மையாக இருக்கின்றன. அச்சில் அழுந்தி வந்த கோட்டின் கரை இப்படி இருக்காது, சற்று உருண்டிருக்கும். மூன்றாவது படத்தில் பேட்ஜின் விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். மேலிருந்து கீழாக நெருக்கமான மெல்லிய கோடுகள் தெரிகின்றன, அவற்றின்மேல் குறுக்கே அரம் போன தடம். மெல்லிய ரம்பத்தால் தகட்டைச் சுற்றி அறுத்து அரத்தால் ராவியிருக்கிறார்கள். வெட்டு அச்சில் நறுக்கிய விளிம்பு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகும். எழுத்துகளும் இறக்கையோடு ஒன்றாக வந்தவை இல்லை. தனியே அறுத்து, வளையத்துக்குள் உட்கார வைத்து, வெங்காரமும் பற்றுப் பொடியும் போட்டுப் பற்றவைத்தவை. 'ஐ' எழுத்தின் காலடியில் பொடி உருகி வழிந்த மினுமினுப்பு அப்படியே நிற்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சித்தூரில் வெள்ளி வேலை. இந்தப் பொடி வழிவைப் பார்த்தால் என் அப்பா 'அவசர வேலை' என்று முகத்தைச் சுளித்திருப்பார். இறகு செதுக்கிய கை மட்டும் சாதாரணக் கை இல்லை. செதுக்கியவர் ஒருவர், பற்றவைத்தவர் இன்னொருவர் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டறைகளில் அது வழக்கம்தான்.

அடுத்து 'சில்வர்' என்ற முத்திரை. இங்கிலாந்தில் செய்த வெள்ளி என்றால் முறைப்படி ஹால்மார்க் இருக்க வேண்டும்: நடக்கும் சிங்கம், ஊரைக் காட்டும் குறி, வருஷ எழுத்து, செய்தவரின் தலைப்பெழுத்து. பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. காண்ட் தன் வெள்ளி உருப்படிகளுக்கு 'ஜே.ஆர்.ஜி. அண்ட் எஸ்' என்று பதிந்தது. அமெரிக்க இறக்கை என்றால் 'ஸ்டெர்லிங்' என்ற சொல் இருக்கும். நம் ஊரில் அன்றைக்கு அரசாங்க முத்திரை என்று ஒன்றே கிடையாது. வெள்ளிக்கு பி.ஐ.எஸ். ஹால்மார்க் வந்தது 2005-இல். அதனால் பெரிய கடைகள் தாங்களே ஒரு குறி வைத்துக்கொண்டன. கல்கத்தா ஹாமில்டன் சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் யானையைப் போட்டது. மதராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயரையே பதித்தது. குறி இல்லாத சின்னப் பட்டறைகள் 'சில்வர்' என்று மட்டும் தட்டிவிட்டன. உங்கள் பேட்ஜில் அந்த ஆறு எழுத்தையும் கவனியுங்கள்: முதல் எழுத்து சாய்ந்திருக்கிறது, மூன்றாவது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, கடைசி எழுத்து மற்றவற்றைவிட ஆழம். முழுச் சொல்லையும் ஒரே பஞ்ச்சில் அடித்தால் இந்த ஏற்ற இறக்கம் வராது. ஒவ்வொரு எழுத்தையும் தனிப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். மாசத்துக்கு நூறு பேட்ஜ் செய்கிற இடமாக இருந்தால் முழுச் சொல்லுக்கு ஒரு பஞ்ச் வெட்டி வைத்திருப்பார்கள்.

விமானப்படை கொடுத்ததோ துணியில் தைத்த இறக்கை. அப்படியிருக்க இதை எதற்கு வெள்ளியில் செய்தார்கள்? நம் நாட்டு வெயிலில் காக்கி டிரில் சட்டை தினமும் வண்ணானுக்குப் போகும். கல்லில் அடித்துத் துவைக்கிற சட்டையில் பட்டு நூல் இறக்கை எத்தனை நாள் தாங்கும்? கழற்றி மாட்டுகிற மாதிரி ஊசி வைத்த இறக்கைக்கு அதனால் தேவை இருந்தது. அம்மாவுக்கோ மனைவிக்கோ புடவையில் குத்திக்கொள்ளச் செய்து கொடுத்ததும் உண்டு. போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க விமானிகளும் கல்கத்தா போன்ற ஊர்களில் வெள்ளி வேலைக்காரர்களிடம் இப்படிச் செய்து வாங்கிப் போனார்கள். அவற்றை அமெரிக்காவில் இன்று தனி வகையாகச் சேகரிக்கிறார்கள். தொழிற்சாலை இறக்கையைவிட அவற்றுக்குக் கூடுதல் மதிப்பு வைக்கிறவர்களும் உண்டு. ஆகவே 'கையால் செய்தது' என்று நான் சொன்னதைக் கேட்டு மனம் சோர வேண்டாம்.

இது நேற்று செய்த போலியாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. ஊசியின் நுனி கொக்கியில் விழுகிற இடத்தைப் பாருங்கள். கொக்கிக்கு மேலும் கீழும் பிறை மாதிரி வளைந்த மெல்லிய தேய்மானம் தெரிகிறது. திறந்து மூடும்போதெல்லாம் ஊசி நுனி உரசிய தடம் அது. வருஷக்கணக்கில் போட்டுக் கழற்றினால்தான் விழும். கறுப்பும் இயல்பாக இருக்கிறது: குழிகளில் அடர்த்தி, கிரீடத்தின் உச்சியிலும் இறக்கையின் முதுகிலும் கை பட்டுத் தேய்ந்த வெளுப்பு. கந்தக மருந்தில் முக்கிக் கறுக்க வைத்தால் மேடும் பள்ளமும் ஒன்றுபோலக் கறுத்துக் கிடக்கும்.

ஒரே ஒரு இடம்தான் எனக்கு உறுத்துகிறது. ஊசியின் கீல் பக்கத்தில் பற்று மற்ற இடங்களைவிட வெள்ளையாக, வழவழப்பாக இருக்கிறது. பிற்காலத்தில் ஊசி விழுந்து திரும்ப வைத்திருக்கலாம். நகைக்கடை விளம்பரங்களில் 'கே.டி.எம்.' என்று ஒரு காலத்தில் முழங்கினார்களே, அது காட்மியம் கலந்த பற்று. நம் ஊர்ப் பட்டறைகளில் அது பரவியது இந்த பேட்ஜின் காலத்துக்கு வெகுநாள் கழித்து. திருப்பதியில் 'டச்' (உலோகத்தின் தூய்மை) பார்க்கிற கடைகளில் எக்ஸ்-ரே மெஷின் இருக்கிறது. உருக்கவோ உரசவோ வேண்டாம், மேலே வைத்தாலே உலோகக் கலவையை அச்சடித்துக் கொடுத்துவிடும். மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்: இறக்கையின் முதுகு, எழுத்தின் காலடி, ஊசிக் கீல். கீலில் மட்டும் காட்மியம் வந்தால் ஊசி பிற்பாடு வைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம், பேட்ஜின் பழமைக்கு அதனால் குறைவில்லை. எழுத்தின் காலடியிலேயே வந்தால் நான் மேலே சொன்ன காலத்தை மறுபடி யோசிக்க வேண்டும். உரைகல்லில் உரசிப் பார்க்க மட்டும் யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். புளி, சபீனா, பல்பொடி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. இவ்வளவு நேரம் நான் படித்த தடமெல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது.

இனி அந்த நான்கு இலக்க எண். என் கணிப்பில் இந்த பேட்ஜில் இருக்கிற நல்ல துப்பு அதுதான். 1940-களில் இந்திய விமானப்படை அதிகாரிகளின் சர்வீஸ் எண் நான்கு இலக்கத்தில் இருந்தது. பொருள் மெஸ்ஸிலோ வண்ணானிடமோ மாறிவிடாமல் இருக்க ஆட்கள் தங்கள் எண்ணைக் கீறி வைப்பது வழக்கம். எண்ணை முழுதாக நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அது ஒரு குடும்பத்தின் அடையாளமாக இருக்கலாம் என்பதுதான். உங்கள் பெரிய தாத்தா மெக்கானிக் என்கிறீர்கள். விமானி இறக்கை மெக்கானிக் அணிவதில்லை. ஆகவே இது அவர் பராமரித்த விமானத்தை ஓட்டிய அதிகாரியுடையதாக இருக்கலாம், நினைவாகக் கொடுத்திருக்கலாம். வேறு விதமாகவும் வந்திருக்கலாம். யாருக்குக் கிடைத்தது எப்படி என்று நான் கதை கட்ட மாட்டேன்.

அந்த எண்ணுக்குரியவரைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்து இந்திய அரசிதழில் அதிகாரி நியமன அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும். அவர் எங்கே பயிற்சி பெற்றார், 1945-க்குப் பின் எந்த ஊர்களில் இருந்தார் என்று தெரிந்தால் எந்த ஊர்ப் பட்டறை என்ற தேடல் குறுகும். அன்றைக்குத் தொடக்கப் பயிற்சி ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் நடந்தது, மேற்பயிற்சி அம்பாலாவில். உங்கள் பெரிய தாத்தாவின் டிஸ்சார்ஜ் தாள் பெட்டியில் கிடந்தால் அதையும் எடுங்கள். அவர் எந்த ஸ்குவாட்ரனில் எப்போது இருந்தார் என்பது அதில் இருக்கும், இரண்டு பேரும் சந்தித்த இடம் அதிலிருந்தே வரலாம். ஊர்ப் பெயரைத் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அப்போது நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் ஒன்றாக மதராஸ் மாகாணத்துச் சித்தூர் ஜில்லா. ஆந்திர மாநிலம் பிரிந்தது 1953-இல், திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1960-இல். ஆந்திர ஆவணத்தில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டறையின் பெயர் கிடைக்குமா என்றால், இதே கை செதுக்கிய இன்னொரு இறக்கை, பெயரோடோ கடை டப்பாவோடோ ரசீதோடோ வெளியே வந்தால்தான் உண்டு. அதுவரை 'இந்தியப் பட்டறை, கைவேலை, 1945 முதல் 1950 வரை' என்று எழுதி வைப்பதே நேர்மை. வேலைப் பாணியைப் பார்த்தே 'இது செகந்தராபாத்', 'இது மதராஸ்' என்று ஊர் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளி ஆசாரிகள் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனவர்கள், உளியும் அவர்களோடு போயிற்று. அந்த ஜோசியத்துக்கு நான் வரவில்லை.

வியாபாரி சொன்ன விலைக்கு இப்போது கொடுக்க வேண்டாம். காண்ட் என்று அவர் நம்பியே சொல்லியிருந்தால் அவருக்குப் பொருளைப் பற்றித் தெரியவில்லை. தெரிந்துகொண்டே சொல்லியிருந்தால் அது வேறு கதை. டச் சீட்டு வந்ததும் அதன் படம், கீலை ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து எடுத்த படம், ஸ்கேல் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் எடுத்த படம், இவ்வளவையும் அனுப்புங்கள். கீறிய எண்ணின் கடைசி இலக்கம் எனக்கு 3 மாதிரியும் 8 மாதிரியும் தெரிகிறது. அதை மட்டும் லென்ஸ் வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் நல்லது.